நீல டேப் ஒட்டிய மைக்

மூன்று நிமிடப் பாட்டு ஒன்றில் என் அக்காவுக்குக் கிடைப்பது நாலு சுரம். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சில பாட்டுகளில் மூன்றுதான். ஒரு பாட்டில் முதலிலிருந்து ஒரே சுரத்தில் 'ஊ' என்று நின்றுவிட்டு, கடைசி வரியில் மட்டும் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறுவாள். அதைப் பழக அவளுக்கு இரண்டு கிழமை, பதினாலு நாள், போனது.

"ஒரு 'ஊ'வுக்கு ரண்டு கிழமையே அக்கா? எங்கடை பிரிட்ஜ் வாங்கின நாளிலையிருந்து ஒரு பிழையும் விடாமல் ஊதிக்கொண்டு நிக்குது. அதைக் கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்றேன்.

அவள் கையிலிருந்த சீப்பு என் தலையைத் தாண்டிப்போய்ச் சுவரில் பட்டது.

அக்கா பாடுவது மூன்று பெண்கள் சேர்ந்த ஒரு சோல் குழுவில். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் முந்தி மூன்று பேராய் நின்று, ஒரே மாதிரி உடுத்து, ஒரே மாதிரிக் கை அசைத்துப் பாடுவார்களே, அந்த வகைப் பாட்டு. இத்தாலியின் பலெர்மோவில் தமிழ்ப் பெண்கள் மூன்று பேர் அதைப் பாடுகிறார்கள் என்றால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். தொடங்கியதென்னவோ முடி வெட்டப் போன இடத்தில்தான். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சலூனில் எங்கள் ஆட்களில் ஒருத்தி வேலை செய்கிறாள். கடைக்கார சிஞோரா, ஓர் இத்தாலிய அம்மா, காலை முதல் பூட்டும்வரை அந்தப் பாட்டுகளையே போட்டுக்கொண்டிருப்பாள். இவள் ஆட்களின் தலையைக் கழுவிக்கொண்டே கூடப் பாடுவாள். குரலென்றால் குரல், பஸ்ஸை நிற்பாட்டக் கை காட்டத் தேவையில்லை, ஒருதரம் கூப்பிட்டால் போதும். அவள்தான் முன்குரல்காரி. அடுத்தவள் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். ஆள் சின்னன், குரல் கூரைக்கு மேலே. அவள் மேல்குரல்காரி. இருவரும் சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடத்துக் கொயரில் பாடியவர்கள். ஒரே பாட்டை மூன்று குரலுக்கு எப்படிப் பிரிக்கிறது என்று அங்கேதான் படித்தார்களாம். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் சலூனில் பாடிக்கொண்டிருக்க, முடி வெட்டுவதற்குக் காத்திருந்த என் அக்கா கீழே ஒரு சுரத்தைப் பிடித்திருக்கிறாள். அன்றைக்கு அவள் முடி வெட்டாமலே வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பாட்டுப் பழக்கம்.

நான் எப்படி இதற்குள் வந்தேன் என்றால், என்னிடம் பழம் ஏற்றுகிற ஒரு வான் இருந்தது. என்னுடையதில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு சியாகுல்லியில் மந்தரீன் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டக்காரர் ஞாயிறுகளில் வானை என்னிடம் விட்டுவைப்பார். அதிலே ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றி இறக்கினேன். பிறகு ஒருநாள் மிக்சரையும் என் மடியில் வைத்துவிட்டார்கள். சத்தத்தைக் கூட்டக் குறைக்க மேலும் கீழும் தள்ளுகிற பொத்தான்கள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருந்ததால் மைக் மூன்றிலும் நிற டேப் ஒட்டி, மிக்சரிலும் அதே டேப்பை ஒட்டினேன். முன்குரலுக்குச் சிவப்பு, மேல்குரலுக்கு மஞ்சள், அக்காவுக்கு நீலம். என் படிப்பு அந்த அளவில் போதுமாயிருந்தது.

அக்காவுக்கு இரண்டு வீட்டு வேலை. காலையில் ஒரு டாக்டர் குடும்பம். மத்தியானத்துக்குப் பிறகு தனியாய் இருக்கிற ஒரு சிஞோரா. அந்த வீட்டில் கிழமைக்கு இரண்டு நாள் ஸ்திரிக்கை போடுகிற வேலை. ஸ்திரிக்கைப் பெட்டி போய் வருகிற தாளத்துக்குத் தன் நாலு சுரத்தையும் பாடிக்கொண்டு நிற்பாள். அந்தச் சுரங்களைத் தனியே கேட்டால் எந்தப் பாட்டென்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு சிஞோரா கேட்டாளாம்:

"நீ பாடுறது எந்த நாட்டுப் பாட்டு? எப்ப தொடங்குது, எப்ப முடியுது எண்டு தெரியேல்லையே."

"இது பாட்டின்ரை ஒரு பங்குதான் சிஞோரா. மிச்சத்தை வேறை ரண்டு பேர் பாடுவினம்."

"அவையள் எங்கை?"

"ஒருத்தி சலூனிலை. மற்றவள் ஆஸ்பத்திரியிலை."

சிஞோரா யன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "அப்ப கொஞ்சம் பலமாய்ப் பாடு, அவையளுக்குக் கேக்கட்டும்" என்று சொன்னாளாம். அக்கா இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த வீட்டுச் சட்டைகளின் கழுத்துப்பட்டி மட்டும் மற்ற வீட்டுச் சட்டைகளைவிட நன்றாக நிற்கும் என்று அவளே ஒத்துக்கொள்வாள்.

பழக்கம் நடப்பது பிரான்காச்சோவில், கார்களைத் தட்டி நெளிவு எடுக்கிற ஒரு கராஜில். முன்குரல்காரியின் அப்பா அங்கே வேலை செய்கிறபடியால் ஞாயிற்றுக்கிழமை சாவி எங்களிடம். பெயின்ட் மணத்துக்குள் கதவில்லாத ஒரு காரைச் சுற்றி மூன்று பேரும் நிற்பார்கள். முன்குரல்காரி விரலால் காரின் கூரையில் தட்டி, "அலோரா, சரி, ஒண்டு, ரண்டு" என்று தொடங்குவாள். முதலில் அவள் மட்டும் போவாள். பிறகு மேலே ஒன்று சேரும். கடைசியாய்க் கீழே அக்கா வருவாள். அவள் வந்த கையோடு தகரக் கூரை கொஞ்சம் அதிரும். நான் எவ்வளவு நக்கலடித்தாலும், அந்த இடம் வரும்போது ஒருதரமும் கதைத்ததில்லை. வாயில் மந்தரீன் இருந்தாலும் மெல்லுவதை நிறுத்துவேன்.

பாட்டு பிழைத்தால் மூன்று பேரும் மற்றவளைக் குற்றம் சொல்வதில்லை. என்னைத்தான் சொல்வார்கள்.

"நீ இருக்கிறதாலைதான் எங்களுக்குச் சிரிப்பு வருது. வெளியிலை போய் நில்."

"நான் போனால் ஆர் கை தட்டுறது?"

"நீ தட்டுறதிலையும் தாளம் இல்லை, போடா."

ஒரு ஞாயிறு அம்மா இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு கராஜுக்கு வந்தா. அதுவரை அம்மா அவர்கள் பாடிக் கேட்டதில்லை. அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வாரநாட்களில் நாலு கட்டிடங்களின் படி கழுவுகிற அம்மா, ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் தமிழ்ப் பாடகர் குழுவில் முன்வரிசை. மன்னாரில் இருந்த காலத்திலிருந்தே கோயிலில் பாடுகிறவ. காது கூர்மை. குழுவில் இருபத்தைந்து பேர் பாடினாலும் ஆர் அரை மயிரிழை விலகினதென்று திரும்பாமலே சொல்வா. எங்கள் கோயிலில் எல்லோரும் ஒரே இராகத்தை ஒரே மாதிரித்தான் பாடுவார்கள். எல்லாக் குரலும் ஒன்றாய்ப் போய் ஒன்றாய் நின்றால் அதுதான் நல்ல பாட்டு. விலகினால் பிழை. அம்மா அறிந்த பாட்டு அவ்வளவும் அப்படித்தான்.

அம்மா கராஜுக்குள் ஒரு டயரின் மேல் இருந்து ஒரு பாட்டை முழுவதும் கேட்டா. முகம் வரவரச் சுருங்கியது. பாட்டு முடிந்ததும் இடியப்பப் பொதியை முன்குரல்காரியிடம் கொடுத்துவிட்டு, அக்காவை மட்டும் ஓரமாய்க் கூப்பிட்டா.

"மோனை, நீ ஏன் பிழையாய்ப் பாடுறாய்?"

"பிழையில்லை அம்மா. அது வேறை பங்கு. அவள் மேலை போக நான் கீழை நிக்கவேணும்."

"அதுகள் ரண்டும் வடிவாய்ப் போகுதுகள். நீதான் ஒரே இடத்திலை நிண்டு முனகிறாய். எனக்குக் கேக்குதுதானே."

"அப்பிடித்தான் அம்மா இந்தப் பாட்டு."

"பிழைக்கு ஒரு பேரும் வைச்சிருக்கிறியளே?"

நான் காருக்குள்ளிருந்து, "நான் இதைத்தானே அம்மா ரண்டு வருசமாய்ச் சொல்லுறன்" என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. அம்மா அதைப் பகிடியாய் எடுக்கவில்லை, சாட்சியாய் எடுத்துக்கொண்டா.

அன்றிலிருந்து வீட்டில் பாட்டு வகுப்பு. முன்குரல்காரியின் இராகத்தை அம்மா ஒரே நாளில் பிடித்துவிட்டிருந்தா. ஆங்கிலச் சொற்கள் தெரியாது, எல்லாம் 'லாலா'தான். வெங்காயம் வெட்டிக்கொண்டே, "இஞ்சை பார், அவள் இப்பிடி ஏறுறாள், லாலலா. நீயும் அவளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு போ" என்று சொல்லிக் கொடுப்பா. அக்கா பேசாமல் அம்மாவோடு சேர்ந்து முன்குரலைப் பாடுவாள். அம்மாவுக்குச் சந்தோசம். ஞாயிறு கராஜுக்குப் போனால் அக்கா மறுபடி கீழே.

"ஏன் அக்கா அம்மாவுக்கு ஒருக்கால் வடிவாய் விளங்கப்படுத்தக்கூடாது?" என்று வானுக்குள் கேட்டேன்.

"எத்தினை தரம் சொல்லிப்போட்டன். இனி, உங்களுக்குப் பாட்டு விளங்காதெண்டு அம்மாவுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது" என்றாள்.

பிறகு தெரிந்தவர்களின் பிள்ளை ஒன்றின் முதலாவது பிறந்தநாள் வந்தது. மூன்று பேரும் மூன்று பாட்டுப் பாடினார்கள். அன்றைக்கு மண்டபத்துச் சொந்தக்காரனே மிக்சரைப் பார்த்துக்கொண்டான். நான் அம்மாவுக்குப் பின்வரிசையில் இருந்தேன். கைதட்டலுக்கு நடுவில், அம்மாவோடு கோயிலில் பாடுகிற ஓர் அன்ரி அம்மாவின் தோளில் கை வைத்து மெதுவாய்ச் சொன்னா: "நல்லாய்த்தான் பாடுதுகள். கரையிலை நிக்கிற உங்கடை பிள்ளைக்குத்தான் கொஞ்சம் சுருதி காணாது. பாவம், அதுக்கென்ன, பழகினால் வரும்."

அந்த அன்ரி கெட்ட மனதோடு சொல்லவில்லை. அதுதான் அம்மாவுக்கு இன்னும் குத்தியது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னமே அம்மா சொன்னா:

"வாற கோயில் பெருநாளோடை காணும். அதுக்குப் பேர் குடுத்தாச்சு, சரி. அதோடை நிப்பாட்டு. மற்றதுகள் ரண்டும் கெட்டிக்காரியள். நீ ஏன் மோனை அதுகளுக்குப் பக்கத்திலை நிண்டு சனத்திட்டைப் பேச்சு வாங்கிறாய்?"

அக்கா காதிலிருந்த தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள்.

அவளுடைய 'சரி' எனக்குத் தெரியும். வீட்டில் ஒருவரும் தொடாத மீன் வால் துண்டுக்கும் அதே சரிதான். டாக்டர் வீட்டில் லீவு நாளில் வரச் சொன்னாலும் அதே சரிதான். அப்பாவிடம் போய், "நீங்கள் ஒண்டும் சொல்லமாட்டியளே?" என்றேன். அப்பா ரெஸ்டோரன்ட் குசினியில் இரண்டு நேரமும் வேலை செய்துவிட்டுச் சோபாவில் சாய்ந்திருந்தார். "நானென்ன பாட்டுக்காரனே? கொம்மாவைக் கேள்" என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

கராஜில் அக்கா விசயத்தைச் சொன்னபோது முன்குரல்காரி பெரிய வாயைத் திறந்தபடியே டயரில் இருந்துவிட்டாள்.

"நீ இல்லாட்டி நாங்களும் இல்லையடி. ரண்டு பேரிலை என்னத்தைப் பாடுறது? கீழை ஒண்டுமில்லாமல் நான் எங்கை நிண்டு கத்துறது?"

"வேறை ஆளைப் பிடியுங்கோ" என்றாள் அக்கா.

"ஆரைப் பிடிக்கிறது? உன்ரை தம்பியையே?"

நான் எழும்பி, ஒரு கையை இடுப்பில் வைத்து, மற்றக் கையை அவர்களைப் போல் அசைத்துக் காட்டினேன். மேல்குரல்காரி அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. எனக்கு இனி ஞாயிறுகளில் மத்தியானம்வரை நித்திரை கொள்ளலாம். அதை நினைத்துச் சந்தோசப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

பெருநாள் அன்று பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் சாப்பாடு, அதற்குப் பிறகு கலைநிகழ்ச்சி. மூன்று பேருக்கும் புதுச் சட்டை தைத்திருந்தார்கள், மினுமினுக்கிற செம்மஞ்சள் துணியில். நான் முதல் நாளே அவர்களுக்கு 'மூன்று மந்தரீன்' என்று பேர் வைத்து, அடியும் வாங்கியிருந்தேன். காலையில் அந்தச் சட்டைகள் வானுக்குள் பழப்பெட்டிக்குக் கீழே போய்க் கசங்கிவிட்டன. நான்தான் பெட்டியை வைத்தேன். அக்கா பூசைக்கு முன்னமே மண்டபத்துக் குசினியில் நின்று மூன்று சட்டையையும் மறுபடி ஸ்திரிக்கை போட்டாள்.

"கடைசி நாளெண்டாலும் உனக்கு ஒரு கவனம் இல்லை" என்றாள். அவள் என்னைத் திட்டுவது வழக்கம். கடைசி நாள் என்று சொன்னதுதான் புதிது.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் மண்டபத்தின் இடப்பக்க ஓரத்தில் மேசை போட்டு மிக்சரோடு இருந்தேன். சிறுவர்களின் நடனம் ஒன்று முடிந்தது. அடுத்து இவர்கள். அம்மா ஒரு தட்டில் நாலு ரோல்ஸ் வைத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தா. பெருநாளில் அம்மா எனக்குத் தேடிவந்து சாப்பாடு தந்ததாய் ஞாபகமே இல்லை.

"இதிலை அக்காவின்ரை மைக் எது?"

"நீலம். ஏன் அம்மா?"

"அதைக் குறைச்சு விடு."

நான் ரோல்ஸைக் கடித்த வாயோடு பார்த்தேன்.

"இண்டைக்குக் கோயில் சனம் முழுக்க இருக்குது. அந்த அன்ரியும் பின்னாலை இருக்கிறா. பிள்ளை பாடட்டும், வாய் அசையட்டும். சத்தம் மட்டும் வெளியிலை வரவேண்டாம். அதுகள் ரண்டின்ரையும் காணும். ஒருத்தருக்கும் தெரியவராது."

"அக்காவுக்குத் தெரிஞ்சால்?"

"ஆர் சொல்லப்போறது? நீயே? கடைசி நாளிலையாவது என்ரை பிள்ளையை ஒருத்தரும் பாவம் எண்டு சொல்லக்கூடாதடா."

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. வேறு நாளென்றால் நான் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பேன். அன்றைக்கு அந்தக் கண்ணைப் பார்த்து எனக்குப் பகிடி வரவில்லை. காலையில் அக்கா திட்டிய கோபமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்தக் குரலை எடுத்துவிட்டால் என்னதான் நடக்கும் என்று பார்க்கிற குறும்பும் இருந்தது. இதில் எது எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. நீல டேப் ஒட்டிய பொத்தானை அடிமட்டும் இழுத்தேன்.

மூன்று பேரும் மேடைக்கு வந்தார்கள். முன்குரல்காரி தனியே தொடங்கினாள். முதல் அடி நன்றாகத்தான் போனது. சனம் தலையாட்டியது. அம்மா என் தோளைத் தட்டினா, பார்த்தியே என்பதுபோல. பிறகு மூன்று பேரும் சேர்கிற இடம் வந்தது. மூன்று கை ஒன்றாய் உயர்ந்தது, மூன்று வாய் திறந்தது.

இரண்டு குரல் வந்தது. ஒன்று நடுவில் பெரிதாய், மற்றது எங்கேயோ மேலே மெல்லியதாய். இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாததுபோல் இருந்தது. வழக்கமாய்க் கூரை அதிருகிற அந்த இடத்தில் ஒன்றும் அதிரவில்லை. அவர்களுக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருந்தேன், தங்கள் குரல் தங்களுக்குக் கேட்பதற்கு. பொத்தானை அடிமட்டும் இழுத்தால் அதிலும் அக்கா வரமாட்டாள் என்பதை நான் யோசிக்கவில்லை. மேல்குரல்காரி பிடிக்க இடமில்லாமல் வழுக்கினாள். முன்குரல்காரி இன்னும் பலமாய்ப் பாடிச் சமாளிக்கப் பார்த்தாள். அது கூப்பாடாய்ப் போனது. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. இரண்டு பேர் எழும்பித் தேத்தண்ணிப் பக்கம் போனார்கள்.

அக்கா மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தாள். கழுத்து நரம்பு தெரியப் பாடினாள். தன்னால்தான் எல்லாம் பிழைக்கிறது என்று அவள் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. கை அசைவை மட்டும் விடவில்லை. மற்ற இருவரும் தடுமாறியபோதும் அவளுடைய கை சரியான நேரத்தில் ஏறி, சரியான நேரத்தில் இறங்கியது. பிறகு அவள் என் பக்கம் பார்த்தாள்.

எங்களுக்குப் பின்னால் அந்த அன்ரி பக்கத்திலிருந்தவவிடம் சொன்னா: "இண்டைக்கு மற்றப் பிள்ளையளும் பிழையாய்ப் பாடுதுகள். என்ன நடந்தது? ஏதோ ஒண்டு காணாமல் கிடக்கு."

அம்மா தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டா. கோயிலில் ஆர் விலகினதென்று கண்டுபிடிக்கும்போது வைத்துக்கொள்கிற அதே சாய்வு. ஒரு வரி கேட்டா. இன்னொரு வரி கேட்டா. பிறகு என் பக்கம் திரும்பினா.

"என்னடா செய்தனி?"

"நீங்கள் சொன்னதைத்தான்."

"அவளின்ரையை மட்டுமே எடுத்தனி?"

"ஓம். நீலம் மட்டும்தான்."

"அப்ப அதுகள் ஏன் விழுந்துபோய்க் கிடக்குதுகள்?"

"அக்கா கீழை இல்லை அம்மா. நிக்க இடமில்லை."

அம்மா மேடையைப் பார்த்தா. "கூட்டு" என்றா.

"எவ்வளவு கூட்ட?"

"கூட்டடா எருமை!"

நான் கை வைப்பதற்கு முன் அம்மாவே கையை நீட்டி நீல டேப்பைப் பிடித்து மேலே தள்ளினா. படி கழுவுகிற கை, பலம் கூட; பொத்தான் ஒரே தள்ளில் உச்சிக்குப் போய்விட்டது. மண்டபம் முழுக்க அக்காவின் குரல் மட்டும். அந்த நாலு சுரத்தில் கடைசிச் சுரம். அவ்வளவு பெரிதாய் அதை நானே கேட்டதில்லை. தேத்தண்ணிக்குப் போனவர்கள் கோப்பையோடு திரும்பிப் பார்த்தார்கள். அழுத குழந்தை வாயைத் திறந்தபடி நிறுத்திவிட்டது. அக்கா தன் குரலுக்கே பயந்து ஓரடி பின்னால் போனாள். ஆனால் சுரத்தை விடவில்லை. நான் மெதுவாய் நீலத்தைக் கொஞ்சம் இறக்கிச் சிவப்பையும் மஞ்சளையும் ஏற்றினேன். முன்குரல்காரி அந்தச் சுரத்தின் மேலே வந்து ஏறினாள். மேல்குரல்காரியும் பின்னால் வந்து தன் இடத்தைப் பிடித்தாள். பிளாஸ்டிக் மேசைகளில் கிடந்த கரண்டிகள் எல்லாம் சிணுங்கின.

அம்மா கையை மிக்சரிலிருந்து எடுக்கவேயில்லை. நான் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டேன். ஒரு நிமிடத்தில் மறுபடி வந்து நீலத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

அடுத்த இரண்டு பாட்டும் கராஜில் பாடுவதைவிட நன்றாக இருந்தன. கை தட்டியபோது எழும்பிப் போன ஆட்களும் வந்து தட்டினார்கள். பின்னாலிருந்த அன்ரி எட்டி, "இப்பதான் சரியாய் வந்தது. ஆனால் உங்கடை பிள்ளை வேறை மாதிரித்தானே பாடுறா?" என்றா.

அம்மா இருந்த இடத்திலிருந்தே முழுதாய்த் திரும்பினா. இருபது வருடம் அந்தப் பாட்டையே படித்துக்கொடுத்த ஆள் மாதிரி முகம்.

"அது வேறை பங்கு. அவள் கீழை நிண்டால்தான் மற்றதுகள் மேலை நிக்கலாம். உங்களுக்குக் கேட்டுப் பழக்கமில்லை."

நான் இருமினேன். அம்மா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தா.

வீட்டுக்கு வரும்போது வானுக்குள் முன்னிருக்கையில் அம்மா, பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் அக்கா. அக்கா கேட்டாள்: "முதல் பாட்டிலை என்ரை மைக்குக்கு என்ன நடந்தது?"

நான் வாயைத் திறப்பதற்கு முன் அம்மா, "வயர்" என்றா.

"வயரே?"

"ஓம். வயர் கழண்டு போச்சு. உவன்தான் வடிவாய்ப் பூட்டேல்லை."

செய்யாத பிழையை அம்மா என் தலையில் போட்டா, நான் கியரை மாற்றினேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தர்ப்பத்தைச் சும்மா விட்டது அந்த ஒருதரம்தான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து அக்கா சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். பெருநாளோடு முடிந்தது என்று தன் 'சரி'யைச் சொன்னவள். சொன்னதை மாற்றுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. நான் வான் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு அம்மாவையே பார்த்தேன். அம்மா குசினியில் பொதி கட்டிக்கொண்டிருந்தா. இடியப்பம், சம்பல், நாலு பேருக்கு.

"என்ன படுத்துக் கிடக்கிறாய்? மற்றதுகள் ரண்டும் கராஜிலை காத்துக்கொண்டு நிக்குதுகள்" என்று சொன்னா.

அக்கா எழும்பி இருந்தாள். "காணும் எண்டு சொன்னனீங்கள்?"

"நான் எப்ப சொன்னனான்?"

"பிறந்தநாளுக்குப் போட்டு வந்த அண்டைக்கு."

"அண்டைக்கு எனக்குத் தலையிடி. அதையெல்லாம் பிடிச்சுவைச்சிருக்கிறியே? போ, போய்க் கீழை நில்."

அக்கா பாய்ந்து செருப்பைத் தேடினாள். ஒரு காலில் என் செருப்பும் மற்றக் காலில் தன் செருப்புமாய்த்தான் வானில் ஏறினாள்.

பிரான்காச்சோ பாலத்துக்குக் கீழே சிவப்பு விளக்கில் நின்றபோது அவள் சொன்னாள்:

"டேய், வயர் கழரேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"மேடையிலை நிண்டால் எல்லாம் தெரியும். நீ ரோல்ஸ் திண்டதும் தெரிஞ்சது. அம்மா உன்ரை மேசையிலை கை போட்டதும் தெரிஞ்சது."

"அப்ப ஏன் கேட்டனீங்கள்?"

"அம்மா என்ன சொல்லுவா எண்டு பாக்கத்தான்."

விளக்குப் பச்சையானது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். அக்கா அந்த ஹோர்ன் சத்தத்துக்குக் கீழே ஒரு சுரத்தைப் பிடித்தாள். பொருந்தித்தான் இருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. மூன்று கிழமை கழித்துக் கோயிலில், காணிக்கைப் பாட்டின் நடுவில், இருபத்தைந்து பேர் ஒன்றாய்ப் போய்க்கொண்டிருந்த இராகத்திலிருந்து ஒரு குரல் மட்டும் விலகிக் கீழே இறங்கியது. முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பீடத்தில் நின்ற ஃபாதரும் நிமிர்ந்து பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரே சுரத்தில் நின்றா. வீட்டுக்கு வந்து சொன்னா: "அதுகளுக்கு விளங்கேல்லை. நான் நிண்டு குடுத்தும் ஒருத்தரும் மேலை ஏறேல்லை."

அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, அது கொஞ்சம் கூட இறங்கிப்போச்சு. இவ்வளவுதான். என்னோடை வாங்கோ."

இரண்டு பேரும் குசினியில் நின்று 'ஊ' என்றார்கள். பிரிட்ஜும் சேர்ந்துகொண்டது. நான் கணக்குப்படி மூன்று குரல் சரி என்று சொன்னேன். இந்தமுறை சீப்பு அம்மாவின் கையிலிருந்து வந்தது.